அரைப் பவுனுக்கும் குறைந்த எடை: மான் வேட்டைக்குச் சிறு காலிபர் குண்டுகளை எப்படிச் சோதிக்கிறார்கள்?

.223 ரெமிங்டன் என்ற தோட்டாவில் மிகப் பரவலாக இடம்பெறும் குண்டின் எடை 55 கிரெயின், அதாவது 3.56 கிராம். நகைக்கடைக் கணக்கில் அது அரைப் பவுனுக்கும் சற்றுக் குறைவு. குன்றிமணிக் கணக்கில் ஏறத்தாழ 30 மணி. விட்டம் 5.7 மி.மீ., நாம் எழுதும் பென்சிலைவிட மெல்லியது. வினாடிக்குச் சுமார் 988 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறும் இதுபோன்ற சிறு துண்டு உலோகம், 60, 80 கிலோ எடையுள்ள ஒரு வெள்ளைவால் மானைச் சில நொடிகளில் வீழ்த்துமா, அல்லது காயத்தோடு காட்டுக்குள் ஓடவிட்டு இரண்டு நாள் கழித்துச் சாகவைக்குமா என்பது அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே ஒரு நூற்றாண்டாகத் தீராத வழக்கு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம் என்பதால், நமக்கு இந்த விவாதம் தொலைவிலிருந்து பார்க்கக் கிடைப்பது மட்டுமே. ஆனால் ஒரு பொருளைச் சோதிக்கும்போது நாம் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பேச்சு வழக்கில் தோட்டாவையும் குண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். இங்கே தோட்டா என்பது பித்தளைக் கூடு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப் பொருள். குண்டு என்பது அதிலிருந்து பறந்து செல்லும் தலைப்பகுதி மட்டும். ஒரே தோட்டாவில் பத்துப் பதினைந்து வகைக் குண்டுகளைப் பொருத்தி விற்கிறார்கள் என்பதால், “.223 மானுக்குப் போதுமா?” என்ற கேள்வியே அரைகுறையானது. எந்தக் குண்டு என்று கேட்காமல் அதற்கு விடை சொல்ல இயலாது. காலிபர் என்பது விட்ட அளவு. சிறு காலிபர் என்று இக்கட்டுரையில் குறிப்பது .224 அங்குல விட்டமுள்ள குண்டுகளை; .243 அங்குலக் குண்டுகள் எல்லைக்கோட்டில் நிற்பவை. பயிற்சிக்கும் முயலுக்கும் பயன்படும் .22 லாங் ரைஃபிள் என்ற சிறு தோட்டா வேறு இனம். அது மானுக்கு ஆகாது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வேகம் எடையை ஈடுகட்டும் என்ற நம்பிக்கை பழையது. சார்ல்ஸ் நியூட்டன் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் உருவாக்கிய .22 சாவேஜ் ஹை-பவர் 1912இல் வெளிவந்தது. அடுத்து 1915இல் அவருடைய .250 தோட்டாவைச் சாவேஜ் நிறுவனம் வெளியிட்டபோது, நியூட்டன் விரும்பியது 100 கிரெயின் குண்டு. நிறுவனமோ வினாடிக்கு 3,000 அடி என்று விளம்பரம் செய்ய ஆசைப்பட்டு 87 கிரெயின் குண்டைப் பொருத்தி, பெயரிலேயே 3000 என்ற எண்ணையும் சேர்த்துவிட்டது. விளம்பரப் பலகைக்காகக் குண்டின் எடையைக் குறைத்த அந்த முடிவின் நிழல் இந்தத் துறையில் இன்றும் விழுந்துகொண்டிருக்கிறது. 1935இல் வந்த .220 ஸ்விஃப்ட் 48 கிரெயின் குண்டை வினாடிக்கு 4,110 அடி வேகத்தில் செலுத்தியது. 1955இல் .243 வின்செஸ்டர், 1964இல் .223 ரெமிங்டன், 1965இல் .22-250 ரெமிங்டன் என்று வரிசை தொடர்ந்தது. இவற்றில் .223 மட்டும் இராணுவத்தின் எம்-16 துப்பாக்கியோடும் அதன் குடிமக்கள் வடிவமான ஏஆர்-15 வகையோடும் பிணைந்திருந்ததால் நாடெங்கும் பரவியது. கையில் ஏற்கெனவே ஒரு துப்பாக்கி இருக்கும்போது மானுக்கென்று இன்னொன்று எதற்கு என்று கேட்பவர்கள் இயல்பாகவே பெருகினர்.

சிறு காலிபருக்கு ஆதரவான வாதத்தில் நியாயமும் இருக்கிறது. .223இன் பின்னுதைப்பு, நூறாண்டுக்கும் மேலாக மான் வேட்டையின் அடையாளமாக இருக்கும் .30-06 தோட்டாவின் பின்னுதைப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். தோளில் இடிக்கும் துப்பாக்கியைச் சுடுபவர், விசையை அழுத்தும் கணத்தில் தம்மை அறியாமல் கண்ணை மூடுகிறார். உடல் ஒரு கணம் முன்னதாகவே குறுகுகிறது. முதன்முறையாக வேட்டைக்கு வரும் பதின்வயதினரிடம் இது மிகுதி. கனமான குண்டு குடலில் படுவதைவிட, இலேசான குண்டு நுரையீரலில் படுவது மேல் என்பதை மறுப்பார் இல்லை. மறுபக்கத்தின் கவலையும் எளியதே: பெரிய குண்டு சற்றுத் தவறான கோணத்தில் பட்டாலும் ஊடுருவ மிச்சம் வைத்திருக்கும், சின்னக் குண்டுக்கு அந்தச் சேமிப்பு இல்லை.

சட்டங்கள் இந்தத் தயக்கத்தை வெவ்வேறு விதமாக எழுதிவைத்திருக்கின்றன. வெர்ஜீனியாவில் மானுக்கு .23க்குக் குறைந்த காலிபர் கூடாது. கொலராடோ .24ஐக் குறைந்த அளவாக வைத்து, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் எஞ்சியிருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. டெக்ஸாஸில் ரிம்ஃபயர் எனப்படும் சிறு வகையைத் தவிர, நடுப்பகுதியில் பிரைமர் உள்ள எந்தத் தோட்டாவும் செல்லும். பிரிட்டனில் இன்னும் விந்தை: ஸ்காட்லாந்தில் ரோ எனப்படும் சிறு மானைக் குறைந்தது 50 கிரெயின் எடையும் உரிய வேகமும் ஆற்றலும் உள்ள .22 குண்டால் சுடலாம். எல்லையைத் தாண்டி இங்கிலாந்துக்குள் வந்துவிட்டால் அதே மானுக்கு.240 தேவை. ஜெர்மனியில் ரோ மானுக்கு 100 மீட்டரில் 1,000 ஜூல் போதும், அதைவிடப் பெரிய விலங்குகளுக்கு 6.5 மி.மீ. விட்டமும் 2,000 ஜூலும் வேண்டும். மானின் தோலும் எலும்பும் எல்லைக்கு எல்லை மாறுவதில்லை. குண்டின் உள்ளமைப்பைச் சட்டவாசகத்தில் அளந்து எழுதுவது கடினம், விட்டத்தையும் ஆற்றலையும் எழுதுவது எளிது என்பதே இந்த வேறுபாடுகளுக்கு அடியில் இருக்கும் நடைமுறை உண்மை.

தாளில் விழும் துளைகள்

துல்லியச் சோதனையின் வெளித்தோற்றம் மிகச் சாதாரணமானது. சிமெண்ட் மேசை, மணல் மூட்டைகள், 100 கெஜம் தள்ளி, அதாவது 91 மீட்டரில், மரச்சட்டத்தில் குத்தப்பட்ட தாள். ஐந்து முறை சுட்டபின் தாளைக் கழற்றி, மிக அகன்று கிடக்கும் இரண்டு துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளப்பார்கள். துளை 5.7 மி.மீ. குண்டால் ஆனது என்றாலும், தாள் குண்டைச் சுற்றிச் சற்றுச் சுருங்கிக்கொள்வதால் அது சிறியதாகத் தெரியும். விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிற வளையம் ஒன்று படிந்திருக்கும். துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகக் கிழிந்திருந்தால் அந்தத் தாள் வேறொரு செய்தியைச் சொல்கிறது: குண்டு நேராகப் பறக்கவில்லை, பக்கவாட்டில் சாய்ந்து வந்து பட்டிருக்கிறது.

பம்பரம் சுழலும் வேகம் குறைந்தால் தலையாட்டுவதைப் போன்றதே இதுவும். குழலின் உட்சுவரில் திருகாணியின் மரைபோல வெட்டப்பட்ட வரிகள் குண்டைச் சுழற்றுகின்றன. 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வரி வெட்டிய குழலில், வினாடிக்கு 3,240 அடி வேகத்தில் செல்லும் குண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,59,000 முறை சுழல்கிறது. எவ்வளவு சுழற்சி தேவை என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது குண்டின் நீளம். எடை கூடினால் நீளமும் கூடுவதால்தான் எடையை வைத்துப் பேசுகிறார்கள். 1879லேயே ஜார்ஜ் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் இதற்கு வாய்பாடு தந்துவிட்டார். ஆரம்பகால எம்-16 குழல்களில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 55 கிரெயினுக்கு அது போதும். ஆனால் 77 கிரெயின் எடையும் ஓர் அங்குலத்தைத் தொடும் நீளமும் கொண்ட குண்டை அந்தக் குழலில் செலுத்தினால் தாளில் சாய்ந்த துளைகள்தான் கிடைக்கும். அதற்கு 8 அல்லது 7 அங்குலச் சுற்று வேண்டும்.

இதைக் கவனிக்கத் தவறியதால் ஒரு தோட்டாவே வீழ்ந்த கதை உண்டு. 1955இல் .243 வின்செஸ்டருக்குப் போட்டியாக ரெமிங்டன் நிறுவனம் .244 ரெமிங்டனை வெளியிட்டது. இரண்டும் ஒரே விட்டக் குண்டைச் செலுத்துபவை; கூட்டின் கொள்ளளவில் ரெமிங்டனுடையது ஒரு படி மேல் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் வாங்குபவர் இதை மர்மட் போன்ற சிறு பிராணிகளுக்கே பயன்படுத்துவார் என்று எண்ணி 12 அங்குலச் சுற்று வைத்தார்கள். வின்செஸ்டரோ 10 அங்குலச் சுற்று வைத்து, 100 கிரெயின் மான் குண்டையும் சேர்த்து விற்றது. மானுக்கும் ஆகிற துப்பாக்கியை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். 1963இல் ரெமிங்டன் 9 அங்குலச் சுற்றோடு 6 மி.மீ. ரெமிங்டன் என்று பெயர் மாற்றிப் பார்த்தது. அதற்குள் சந்தை கைநழுவியிருந்தது. துப்பாக்கியும் தோட்டாவும் துல்லியமானவையாக இருந்தும், எந்தக் குண்டுக்காக என்ற கேள்வியில் சறுக்கியதுதான் குறை.

இனி எண்ணிக்கை. “என் துப்பாக்கி அரை அங்குலத்தில் அடிக்கிறது” என்று சொல்பவரிடம் எத்தனை குண்டுகள், எத்தனை முறை என்று கேட்டால் பெரும்பாலும் பதில் தயங்கி வரும். துளைகள் சீரான முறையில் சிதறுகின்றன என்று கொண்டால், அதே துப்பாக்கி, அதே தோட்டா, மூன்று குண்டுகளில் சராசரியாக 1 அங்குலம் விரிந்தால், ஐந்து குண்டுகளில் ஏறத்தாழ 1.27 அங்குலமும் பத்துக் குண்டுகளில் 1.58 அங்குலமும் விரியும். துப்பாக்கி கெட்டுவிடவில்லை, ஓரத்தில் விழும் குண்டுக்கு வாய்ப்பு கூடியிருக்கிறது, அவ்வளவுதான். மேலும் மும்மூன்று குண்டுகளாகச் சுட்டுப் பெறும் துளைத் தொகுப்புகள், அதாவது குழுக்கள், தமக்குள்ளேயே பெரிதும் ஏறி இறங்கும், 0.6 அங்குலமும் 1.4 அங்குலமும் ஒரே மாலையில் ஒரே பெட்டித் தோட்டாவில் வருவது இயல்பு. அந்த 0.6ஐப் படம் பிடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, 1.4ஐக் காற்றின் மேல் பழிபோடுவது மனித இயல்பு. அமெரிக்க ரைஃபிள் சங்கத்தின் இதழ் தொடர்ந்து ஐந்து முறை ஐந்து குண்டுகள் சுட்டுச் சராசரி எடுப்பதைத் தன் வழக்கமாக வைத்திருப்பது இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கத்தான். எல்லாத் துளைகளின் மையத்திலிருந்து ஒவ்வொரு துளையின் தொலைவையும் அளந்து சராசரி காண்பது அதைவிடவும் நம்பகமானது, ஏனெனில் அது இரண்டு ஓரத் துளைகளை மட்டும் நம்பாமல் எல்லாத் துளைகளின் சாட்சியையும் கேட்கிறது.

காற்றைப் பழிப்பதிலும் சிறிது உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 55 கிரெயின் குண்டு மணிக்கு 16 கி.மீ. பக்கக் காற்றில் 100 கெஜத்தில் சுமார் 1 அங்குலமும் 200 கெஜத்தில் சுமார் 4 அங்குலமும் விலகும். கனமான, நீளமான குண்டு குறைவாக விலகும். குழல் சூடேறுவது, குழலில் படியும் கரி, மேசையில் கன்னம் பதியும் விதம் எல்லாம் சேர்ந்தே தாளில் பதிகின்றன.

அத்தனையையும் கட்டுப்படுத்திப் பெற்ற துல்லியம் மான் வேட்டையில் எவ்வளவு பயன் தருகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஏறத்தாழ 20 செ.மீ. விட்டமுள்ள வட்டம். 200 கெஜத்தில் 10 செ.மீ. குழுவாக அடிக்கும் துப்பாக்கிகூட, நடுவில் குறிவைத்தால், அந்த வட்டத்துக்குள் தாராளமாக நிற்கும். அதைவிட முக்கியம், வேட்டையில் மேசையும் மணல் மூட்டையும் கிடையாது. மரத்தில் சாய்ந்தோ முழந்தாளிட்டோ சுடும்போது ஒருவரின் சிதறல் 100 கெஜத்துக்கு 3 அங்குலம் என்று வையுங்கள். துப்பாக்கியின் சொந்தச் சிதறல் 0.7 அங்குலமானால் இரண்டும் சேர்ந்து 3.08 அங்குலம், அதுவே 1.5 அங்குலமானால் 3.35 அங்குலம். இரு பிழைகளும் ஒன்றையொன்று சாராதவை என்பதால் வர்க்கங்களின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலமாகச் சேர்கின்றன, நேரடியாகக் கூட்டுவதில்லை. மேசையில் பாதியாகக் குறைத்த சிதறல், காட்டில் பத்தில் ஒரு பங்குகூட உதவவில்லை. துல்லியம் தேவையில்லை என்று இதற்குப் பொருளல்ல; ஓர் அளவுக்கு மேல் துல்லியத்தைத் தேடுபவர், அதற்கு விலையாகக் குண்டின் வேறு எந்தக் குணத்தைக் கொடுக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

உறைக்குள் என்ன இருக்கிறது

ஒரே எடையுள்ள மூன்று .224 குண்டுகளை நீளவாக்கில் அறுத்துப் பக்கம் பக்கமாக வைத்தால் விஷயம் விளங்கிவிடும். முதலாவது சிறு பிராணிகளுக்கான குண்டு, ஹார்னடி வி-மேக்ஸ் போன்றது. செம்புக் கலவை உறை முனைப்பக்கம் மிக மெல்லியதாகி, அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் முனை செருகப்பட்டிருக்கும். உள்ளே மென்மையான ஈயம். எதையாவது தொட்டவுடன் முனை உள்ளே தள்ளப்பட்டு, உறை கிழிந்து, குண்டு சிதறுகிறது. புல்வெளி நாய் என்று பெயர்பெற்ற, ஒரு கிலோ எடையுள்ள கொறிக்கும் பிராணிக்கு இது வேண்டிய குணம். குண்டு கல்லில் பட்டுத் தெறித்து எங்கோ போகாது என்ற பாதுகாப்பும் கூடவே கிடைக்கிறது. மானின் தோள் எலும்பில் பட்டால் இதே குணம் குரூரமாகிவிடும்: அகலமான, ஆழமற்ற காயம், ஓடிப்போகும் மான்.

இரண்டாவது போட்டிக் குண்டு. சியரா மேட்ச்கிங் இதன் மிகப் பெயர்பெற்ற உதாரணம். இதன் முனையில் ஊசித்துளை போன்ற வாய் இருப்பதைப் பார்த்துப் பலர் இது விரியும் குண்டு என்று எண்ணிவிடுகிறார்கள். அந்தத் துளை உற்பத்தி முறையின் மிச்சம்: உறையின் அடிப்பாகத்தை மூடி, ஈயத்தை முன்பக்கமாக நிரப்பினால் குண்டின் அடிப்பகுதி பிசிறின்றி ஒரே சீராக அமையும், குண்டு குழலின் வாயை விட்டுப் பிரியும் கணத்தில் அந்த அடிப்பகுதியின் சீர்மைதான் துல்லியத்தைக் காக்கிறது. விலங்குக்குள் அது விரியலாம், வளைந்து உடையலாம், ஒன்றும் ஆகாமல் ஊசிபோல் கடந்தும் போகலாம். தயாரிப்பாளரே இதை வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை. இராணுவத்தின் முழு உறைக் குண்டு பல மாநிலங்களில் வேட்டைக்குத் தடைசெய்யப்பட்டிருப்பதும் இப்படி விரியாமல் போகும் வாய்ப்பினால்தான்.

மூன்றாவது, மானுக்கென்றே கட்டப்பட்டது. இதிலும் கிளைகள் உண்டு. நோஸ்லர் பார்ட்டிஷன் குண்டின் நடுவே உறை உலோகமே குறுக்குச் சுவராக நிற்கும்; முன்னறை ஈயம் விரிந்து சிதறினாலும் பின்னறை முழுதாக உள்ளே போகும். 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸ் மானின் மேல் தம் குண்டுகள் ஆழம் போகாமல் நின்றுவிட்டதைக் கண்ட ஜான் நோஸ்லர் இந்த அமைப்பை உருவாக்கினார், இன்று.224 விட்டத்திலும் 60 கிரெயின் எடையில் அது கிடைக்கிறது. ஃபெடரல் ஃப்யூஷன், ஸ்பியர் கோல்ட் டாட் போன்றவற்றில் உறையும் ஈயமும் பிரியாதபடி இணைக்கப்பட்டுள்ளன. பார்ன்ஸ் நிறுவனத்தின் வேட்டைக் குண்டுகளில் ஈயமே இல்லை. முழுவதும் செம்பு, முனைக்குழி நான்கு இதழாக விரியும். மேசையில் சுட்டால் இந்த மூன்றாம் வகைதான் பெரும்பாலும் பின்தங்கும். இரண்டு அறை, இரண்டு ஈயத் துண்டு என்று உறுப்புகள் கூடக்கூட, குண்டின் எடை மையம் அச்சிலிருந்து மயிரிழை விலகும் வாய்ப்பும் கூடுகிறது. 0.5 அங்குலம் தந்த போட்டிக் குண்டுக்குப் பக்கத்தில் 1.2 அங்குலம் தந்த பார்ட்டிஷனை வைத்து, “இது இரண்டாம்தரம்” என்று ஒதுக்குபவர் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்பதே என் எண்ணம்.

ஜெலட்டின் சொல்வதும் சொல்லாததும்

இறைச்சிக்குள் குண்டு என்ன செய்கிறது என்பதைப் பார்ப்பதற்கு நம்பகமான மாற்றுப் பொருளை நிலைநிறுத்தியவர் மார்ட்டின் ஃபேக்லர். வியட்நாம் போரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றி, 1980களில் சான் ஃபிரான்சிஸ்கோவின் லெட்டர்மேன் இராணுவ ஆய்வகத்தில் காயங்களை ஆராய்ந்த இவர், 10 சதவீத ஜெலட்டினை 4 டிகிரி செல்சியஸில் குளிரவைத்துச் சுட்டார். அந்தக் கட்டி சரியாக உறைந்திருக்கிறதா என்பதை அறிய, முதலில் ஒரு .177 அளவு எஃகு மணியை வினாடிக்கு 590 அடி வேகத்தில் அதில் செலுத்துவார்கள், அது 8.5 செ.மீ. அளவில் நின்றால்தான் கட்டி செல்லும், ஒரு செ.மீ. கூடக்குறைய இருக்கலாம். வீட்டுக் கொல்லையில் நடக்கும் பல சோதனைகளில் இந்த முதல் படியே இருப்பதில்லை. வெயிலில் அரைமணி நேரம் இளகிய ஜெலட்டினில் எந்தக் குண்டும் வீரனாகத் தெரியும்.

சுட்டு முடித்த கட்டியைப் பக்கவாட்டில் விளக்கு வைத்துப் பார்த்தால், குண்டு நுழைந்த முதல் ஓரிரு செ.மீ. மெல்லிய கோடாக இருக்கும். பிறகு அந்தக் கோடு திடீரென்று அகன்று, சுற்றிலும் மீன் செவுள்போல விரிசல்கள் கிளம்பியிருக்கும். அதுதான் குண்டு விரிந்த இடம். நொடியின் சிறு பங்கு நேரம் ஊதிப் பெருத்துச் சுருங்கிய தற்காலிகக் குழியின் அடையாளங்கள் அந்த விரிசல்கள். அதற்கு அப்பால் மீண்டும் ஒடுங்கும் தடம், கடைசியில் காளான் வடிவில் குண்டு. அதைத் தோண்டி எடுத்துக் கழுவி, எடைபோட்டு, விரிந்த விட்டத்தை அளக்கிறார்கள். பார்ட்டிஷன் தன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவை மீத்து வைத்திருக்கும். செம்புக் குண்டு ஏறத்தாழ முழுவதையும். சிறு பிராணிக் குண்டைத் தேடினால் உறையின் கிழிசல்களும் ஈயத் தூளும்தான் அகப்படும்.

எவ்வளவு ஆழம் போதும்? 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில், இதயத்தை எட்டும் முன் நின்றுவிட்ட ஒரு கைத்துப்பாக்கிக் குண்டின் அனுபவத்துக்குப் பிறகு, அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. 12 முதல் 18 அங்குலம் வரை ஆழம் வேண்டும் என்று வரையறுத்தது. வேட்டைக் குண்டுகளைச் சோதிப்பவர்களும் அந்த எண்களையே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பக்கவாட்டில் நிற்கும் மானின் மார்புக்கு 12 அங்குலம் நிறைவானது. முன்னங்காலுக்குப் பின்னிருந்து சாய்வாக எதிர்த் தோளை நோக்கிச் செல்ல வேண்டிய குண்டுக்கு அது பற்றாது. தண்ணீர்க் கேன்களையும் நனைத்த செய்தித்தாள் கட்டுகளையும் வரிசையாக அடுக்கிச் சுடுபவர்களும் உண்டு. இரண்டு குண்டுகளில் எது ஆழம் போகிறது என்று ஒப்பிட அவை உதவும். அங்குலக் கணக்கில் மானுக்கு மாற்றிச் சொல்ல உதவா.

பெரும்பாலான சோதனைகளில் எனக்குத் தெரியும் பெருங்குறை தூரம் பற்றியது. கட்டியை மேசைக்குப் பத்தடி முன்னால் வைத்துச் சுடுகிறார்கள். அங்கே குண்டின் வேகம் முழுதாக இருக்கிறது. வழக்கமான 55 கிரெயின் .223 குண்டின் வேகம் 100 கெஜத்தில் சுமார் 2,750 அடியாகவும், 200 கெஜத்தில் 2,300 அடியாகவும், 300 கெஜத்தில் 1,900 அடியாகவும் குறைந்துவிடும். பல மான் குண்டுகள் நம்பிக்கையாக விரிவதற்கு 1,800 முதல் 2,000 அடி வேகமாவது வேண்டும். ஆகவே மேசை முன்னால் அழகான காளானாக விரிந்த குண்டு, 300 கெஜத்தில் பாதி விரிந்தோ விரியாமலோ கடந்து போகலாம். அதற்கு நேர்மாறாக, வெகு அருகில் அளவுக்கு மீறிய வேகத்தால் உடைந்த குண்டு, 150 கெஜத்தில் ஒழுங்காக நடந்துகொள்ளலாம். மருந்தைக் குறைத்துத் தொலைதூர வேகத்தை உருவாக்கிப் பார்ப்பது ஒரு வழி. ஆனால் அப்போது குண்டின் சுழற்சியும் சேர்ந்து குறைகிறது. உண்மையில் 300 கெஜம் பறந்த குண்டு வேகத்தை இழந்த அளவுக்குச் சுழற்சியை இழப்பதில்லை. ஆதலால் சிரமம் பாராமல் கட்டியை உரிய தூரத்திலேயே கொண்டுபோய் வைத்துச் சுடுபவரின் முடிவுக்குத்தான் நான் கூடுதல் மதிப்புத் தருவேன்.

ஆற்றலின் எண்களும் இதையே காட்டுகின்றன. அதே குண்டின் ஆற்றல் குழல்வாயில் 1,282 அடி-பவுண்டு, 100 கெஜத்தில் சுமார் 920, 200 கெஜத்தில் 650. கொலராடோ கேட்கும் ஆயிரத்தை அது 100 கெஜத்திலேயே இழந்துவிடுகிறது. 100 கிரெயின் .243 குண்டு 200 கெஜத்தில்கூட ஏறத்தாழ 1,330ஐ வைத்திருக்கிறது. ஆற்றல் நேரடியாக மானைக் கொல்வதில்லை, காயத்தின் ஆழமும் அகலமும் இடமும்தான் கொல்கின்றன என்றாலும், குண்டை விரிக்கவும் எலும்பை உடைக்கவும் அந்தக் கணக்கிலிருந்துதான் செலவு செய்ய வேண்டும்.

மான் என்ற சாட்சி

ஜெலட்டினில் தோலும் விலா எலும்பும் காற்றடைத்த நுரையீரலும் இல்லை. கடைசிச் சாட்சி மான்தான். ஆனால் சாட்சிகளில் மிகக் குழப்பமானதும் அதுவே. ஒவ்வொரு மானும் வேறு தூரத்தில், வேறு கோணத்தில், வேறு மனநிலையில் அடிபடுகிறது. ஒருவர் தம் வாழ்நாளில் சுடும் மான்களின் எண்ணிக்கையைக் கொண்டு இரண்டு குண்டுகளை நேர்மையாக ஒப்பிட முடியாது.

பெரிய எண்ணிக்கையில் கிடைத்த அரிய தரவு தென் கரோலினா மாநிலத்தின் இயற்கை வளத் துறையைச் சேர்ந்த ஓர் ஆய்வு. ஏறத்தாழ 500 மான்கள் ஒவ்வொன்றும் அடிபட்டபின் எவ்வளவு தூரம் ஓடின என்று அதில் பதிவு செய்யப்பட்டது. .24 முதல் .30 வரையிலான காலிபர்களுக்கிடையே பொருட்படுத்தத் தக்க வேறுபாடு தென்படவில்லை. மென்மையாக, விரைவில் விரியும் குண்டுகள், கடினமான குண்டுகளைவிட மானைக் குறைந்த தூரத்தில் வீழ்த்தின. தோளில் பட்ட குண்டுகள் மானை ஏறத்தாழ நின்ற இடத்திலேயே சாய்த்தன. சிறு காலிபர் ஆதரவாளர்கள் இந்த ஆய்வை ஆவலோடு மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அதன் காலிபர் வரிசை.24இல் நின்றுவிடுகிறது என்பதை மறந்துவிடுவார்கள். 100 கிரெயின் .243 குண்டின் மென்மையும் 55 கிரெயின் .223 குண்டின் மென்மையும் ஒன்றல்ல. முன்னது விரிந்தபின்னும் ஊடுருவத் தேவையான எடை அதனிடம் எஞ்சியிருக்கும்.

மான் என்ற சொல்லுக்குள்ளும் பெரிய இடைவெளி உண்டு. டெக்ஸாஸின் மலைநாட்டுப் பகுதியில் வெள்ளைவால் மான்கள் சிறியவை. வடக்கே மின்னசோட்டா, மெய்ன் மாநிலங்களில் முதிர்ந்த ஆண்மான் 100 கிலோவை எளிதாகத் தாண்டும். டெக்ஸாஸ்காரர் .223ஐப் புகழ்வதும் மெய்ன்காரர் அதைக் கேட்டு மறுத்துத் தலையை ஆட்டுவதும் பொய் பேசுவதால் அல்ல. அதே மலைநாட்டில் நமக்குப் பழக்கமான ஒரு முகமும் திரிகிறது. கிண்டியில் நாம் பார்க்கும் அதே புள்ளிமான் 1932இல் அங்கே கொண்டுவந்து விடப்பட்டுப் பெருகி, இன்று ஆண்டு முழுதும் வேட்டையாடத் தடையில்லாத வந்தேறியாகிவிட்டது. 70 முதல் 90 கிலோ எடையுள்ள அதன் ஆண்மானைச் சுட, உள்ளூர் மானுக்குப் போதும் என்று வைத்திருந்த குண்டு போதுமா என்று அங்குள்ளவர்கள் மறுபடி கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

இன்னொரு சாய்வையும் கவனிக்க வேண்டும். மானை உரிக்கும்போது எதிர்ப்பக்கத் தோலுக்கடியில் அகப்படும் குண்டைத்தான் கழுவி எடைபோட்டுப் படம் எடுக்கிறார்கள். முழுவதும் துளைத்து வெளியேறிய குண்டு எங்கோ மண்ணுக்குள் கிடக்கிறது. மேல்தோலிலேயே சிதறிய குண்டோடு தப்பிய மான் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை. ஆகவே “எடுத்துக்கிடைத்த குண்டுகள்” என்ற தொகுப்பு, இரண்டு முனைகளையும் வெட்டிவிட்டு நடுவைக் காட்டும் தொகுப்பு. சிறு காலிபரில் இது கூடுதலாக உறுத்தும், ஏனெனில் வெளியேறும் துளை இல்லாவிட்டால் தரையில் விழும் இரத்தமும் குறைவு. புதர்க்காட்டில் 60 கெஜம் ஓடிய மானைக் கண்டுபிடிப்பது அந்த இரத்தத் தடத்தை நம்பித்தான்.

செம்பு வந்தபின்

கடந்த சில ஆண்டுகளில் சோதனைகள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிட்டதற்குக் காரணம் ஈயம். வேட்டையில் மிஞ்சிய விலங்கு உடல்களில் இருந்த ஈயத் துணுக்குகளை உண்டு கலிஃபோர்னியக் காண்டோர் கழுகுகள் நஞ்சேறி இறந்ததைத் தொடர்ந்து, 2013இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 2019 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியா மாநிலம் முழுவதும் வேட்டையில் ஈயக் குண்டுக்குத் தடை. 2008இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்கு நன்கொடையாக வந்த மான் இறைச்சியில் ஈயத் துணுக்குகள் கண்டறியப்பட்டது மனிதர்களையும் யோசிக்க வைத்தது. வேகமாகச் செல்லும் சிறு காலிபர் ஈயக் குண்டுகள் நன்றாகச் சிதறுபவை என்பதால் இந்தக் கேள்வி அவற்றைக் கூடுதலாகத் தொடுகிறது.

செம்பின் அடர்த்தி 8.96, ஈயத்தினுடையது 11.34. அதே எடையைச் செம்பில் செய்தால் குண்டு நீளும். நீண்டால் சுழற்சி கூட வேண்டும். 12 அங்குலச் சுற்றுள்ள பழைய குழலில் 55 கிரெயின் ஈயக் குண்டு நன்றாகப் பறந்திருக்க, 62 கிரெயின் செம்புக் குண்டு தலையாட்டிக்கொண்டு போவது .244 ரெமிங்டனின் பழைய கதைதான். செம்புக் குண்டு விரிவதற்குக் கேட்கும் வேகமும் பொதுவாகச் சற்று அதிகம் என்பதால், எடையைக் குறைத்து வேகத்தைக் கூட்டுவதே இங்கே சரியான வழியாகிறது. எடை குறைந்தாலும் அது உடைவதில்லையாதலால் ஆழம் கிட்டிவிடுகிறது. ஈயக் குண்டில் கற்ற பாடத்தை அப்படியே செம்புக்குப் பெயர்த்து வைத்து, கனமானதைத் தேர்ந்தெடுத்து ஏமாந்தவர்கள் பலர்.

குண்டை மாற்றினால் படும் இடமும் மாறும். 100 கெஜத்தில் ஓரிரு அங்குலம் மேலோ கீழோ பக்கத்திலோ விலகுவது சாதாரணம். தொலைநோக்கியைத் திருப்பி மறுபடி சரிசெய்தாக வேண்டும். மான் குண்டுகள் பொருத்திய தோட்டாக்கள் வழக்கமாக 20 கொண்ட பெட்டியாக, பயிற்சித் தோட்டாவைவிடப் பலமடங்கு விலையில் விற்கப்படுகின்றன. படும் இடத்தைச் சரிசெய்ய ஐந்து, நம்பத்தக்க ஒரு குழுவுக்குப் பத்து என்று செலவானபின் பெட்டியில் மிஞ்சுவது ஐந்து. அதனால்தான் கடையில் ஒரு பெட்டி மட்டும் வாங்கி வருபவர் மூன்று குண்டுகள் சுட்டு, ஒரு அங்குலம் என்று பார்த்து, தாளை மடித்துவைத்துவிட்டுக் காட்டுக்குக் கிளம்புகிறார்.